விலைச்சீட்டின் பிழையும் விரல் நுனியின் பிழையும்

இலங்கை மலையகத்து ஹட்டன் நகரில் சம்பள வாரத்தில் சாமான் வாங்கப் போனால் இரண்டு வகைத் தவறுகள் வாய்க்கும். ஒன்று, இறாக்கையில் விலையைக் குறைத்து ஒட்டிவிடுவது. அந்த விலைக்கே வாங்கிப்போக எனக்குக் கூச்சமில்லை. எழுதியது கடை. குறித்த விலைக்கு மேல் விற்பதை 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் குற்றமென்கிறது.

மற்றது அப்படியல்ல. சென்ற மாதம் சிறிய கடையொன்றில் 1,100 ரூபாய்ப் பால்மாவை 110 என்று தட்டிவிட்டாள், பணம் வாங்கும் பிள்ளை. வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. குடைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு மிஞ்சியது 990 ரூபாய். 2021இல் எத்தனையோ போராட்டத்துக்குப் பின் கிடைத்த தேயிலைத் தோட்டத்து நாட்சம்பளமே 1,000 ரூபாய்தான்! சரக்குக் கணக்கு இடித்தால் அந்தக் கடையில் வேலையாட்களின் சம்பளத்தில் கழிப்பார்கள். முதலாளிக்கு வலிக்காது, கொழுந்து பறிக்கும் ஒருத்தியின் மகளுக்கு வலிக்கும்.

திரும்பிப்போய்ச் சொன்னேன். “ஐயோ அண்ணே” என்று பில்லை வாங்கினாள். பஸ் நிலையம்வரை நடந்த பிறகுதான் திரும்பினேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.