சோலாரிஸ், ஏஐஎக்ஸ், ஹெச்பி-யூஎக்ஸ்: பிராசஸர் யார் கையில்?

நிறுவனங்கள் தங்கள் சர்வர்களுக்காக விற்ற வணிக யுனிக்ஸ் இயங்குதளங்களில் எது சிறந்தது என்று கேட்டால் யோசிக்காமல் சன் நிறுவனத்தின் சோலாரிஸ் என்பேன். எது பிழைத்தது என்று கேட்டால் ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ். இதற்கான காரணத்தை மென்பொருளில் தேடிப் பயனில்லை. அடியில் இருந்த பிராசஸர் யாருடையது என்று பார்க்க வேண்டும்.

2005-இல் வந்த சோலாரிஸ் 10-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை நிறுத்தாமலே, எந்த நிரல் எத்தனை சிஸ்டம் கால் (இயங்குதளத்திடம் கேட்கும் சேவை) போடுகிறது என்பதை டிடிரேஸ் என்ற கண்காணிப்புக் கருவியின் ஒற்றை வரியில் எண்ணிவிடலாம். ஒரே கர்னலின் (இயங்குதளத்தின் மையப்பகுதி) மேல் தனித்தனிச் சூழல்களாக ஜோன்கள். இதே போன்ற தனிச்சூழல்களைப் பரவலாக்கிய டாக்கர் வர இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன. மறு ஆண்டு அப்டேட்டில் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை சேர்ந்தது. வட்டு சத்தமில்லாமல் தப்பான தரவைத் தந்தால் அதன் செக்சம் என்ற சரிபார்ப்பு எண் காட்டிக்கொடுக்கும். மிரர், அதாவது நகல் வட்டு, இருந்தால் அதிலிருந்து எடுத்துச் சரிசெய்தும்விடும்.

ஏஐஎக்ஸில் இந்தப் பளபளப்பு இல்லை. ஆனால் அதைப் பழம்பஞ்சாங்கம் என்பதும் நியாயமில்லை. மாற்றங்களை முதலில் பதிவேட்டில் குறித்துவைக்கும் ஜர்னலிங் கோப்பு முறைமையும், வட்டு இடத்தைப் பிரித்து நிர்வகிக்கும் எல்விஎம்மும் 1990-இலேயே, ஆர்எஸ்/6000 கணினிகளோடு, அதில் வந்துவிட்டன. சோலாரிஸின் பழைய கோப்பு முறைமையான யூஎஃப்எஸ்ஸுக்குள் ஜர்னலிங் வர 1998 ஆயிற்று. ஸ்மிட் என்ற ஏஐஎக்ஸ் நிர்வாக மெனுவில் எஃப்6 தட்டினால், அது ஓட்டப்போகும் கட்டளையை அப்படியே காட்டும். மெனுவைப் பார்த்தே கட்டளை கற்றவர்கள் ஏராளம். அதன் வரைகலைப் பதிப்பில் ஒரு குட்டி மனிதன் ஓடுவான். வேலை தோற்றால் குப்புற விழுவான்!

ஹெச்பி-யூஎக்ஸ் கெட்டியான சிஸ்டம்தான். லினக்ஸின் எல்விஎம் அதைப் பார்த்து எழுதப்பட்டதே. ஆனால் ஹெச்பி தன் சொந்த பிஏ-ரிஸ்க் பிராசஸரைக் கைவிட்டு இன்டெலின் இட்டானியம் சிப்பை நம்பி இறங்கியது. 2011-இல் இட்டானியத்துக்கு இனி மென்பொருள் எழுத மாட்டோம் என்றது டேட்டாபேஸ் நிறுவனமான ஆரக்கிள். ஹெச்பி வழக்குப் போட்டு வென்றது. 2016-இல் ஜூரி தந்த இழப்பீடு 300 கோடி டாலர். வழக்கு ஜெயித்து என்ன? இட்டானியம் சிப் விநியோகம் 2021-இல் நின்றது. பரவலான x86 பிராசஸர்களுக்குப் போகாத ஹெச்பி-யூஎக்ஸின் வழக்கமான ஆதரவும் 2025 டிசம்பரோடு முடிந்தது.

சன்னிடம் சொந்த ஸ்பார்க் பிராசஸர் இருந்தது, ஆனால் அதைத் தாங்கும் பணம் இல்லை. 2010-இல் சன்னை வாங்கிய ஆரக்கிள், சோலாரிஸின் திறமூலப் பதிப்பான ஓப்பன்சோலாரிஸை மூடியது. 2017-இன் எம்8 சிப்புக்குப் பிறகு புது ஸ்பார்க் எதையும் ஆரக்கிள் வெளியிடவில்லை. அதற்குள் சோலாரிஸின் மூலநிரல் வெளியே போயிருந்தது. அதனால்தான் இசட்எஃப்எஸ் இன்று ஃப்ரீபிஎஸ்டியிலும் லினக்ஸிலும் ஓடுகிறது, சோலாரிஸிலிருந்து பிரிந்த இல்லுமோஸ் என்ற கிளையும் நடக்கிறது. ஐபிஎம் மட்டும் பவர் சிப்பைக் கைவிடவில்லை. 2025-இல் பவர்11 வந்தது, ஏஐஎக்ஸும் கூடவே வந்தது.