தாய்லாந்து விசாவுக்கு டாலரா, ரூபாயா?

சிங்கப்பூரில் உழைத்துவிட்டுக் குன்னூர் திரும்பிய எங்கள் அண்ணன், தாய்லாந்தில் நீண்ட நாள் தங்க ஆசைப்படுகிறார். 50 வயது தாண்டியவர்கள் ஓய்வுக்கால அடிப்படையில் தங்குவதை நீட்டிக்க, தங்கள் பெயரில் தாய்லாந்து வங்கியில் 8,00,000 பாத் காட்டலாம். விண்ணப்பத்துக்கு 2 மாதம் முன்பே பணம் அங்கே இருக்க வேண்டும். அனுமதி கிடைத்த பின் 3 மாதம் தொடக்கூடாது, அப்புறமும் 4,00,000-க்குக் கீழே இறங்கக்கூடாது.

அவரிடம் இரண்டு சேமிப்பு: ஆர்.எஃப்.சி. கணக்கில் (வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் இந்திய வங்கியில் வெளிநாட்டுப் பணமாகவே வைத்துக்கொள்ளும் கணக்கு) அமெரிக்க டாலர், குன்னூர் வங்கியில் ரூபாய் டெபாசிட்.

நான் டாலர் பக்கம்தான். ஆர்.எஃப்.சி. பணத்தை வெளிநாட்டில் பயன்படுத்தத் தடையில்லை, ஒரே ஒரு மாற்றத்தில் பாத் ஆகிவிடும். ஆனால் டாலரும் ஆடும். ஒரு டாலருக்கு 36 பாத் என்றால் சுமார் 22,200 டாலர் போதும். 32 ஆனால் 25,000 வேண்டும். அதனால் கணக்கில் சரியாக அளந்து வைக்காதீர்கள், பத்தில் ஒரு பங்காவது கூடுதலாக இருக்கட்டும்.

ரூபாயில் வட்டி நன்றாக வரும், உண்மைதான். ஆனால் அனுப்பும்போது ஆண்டுக்கு 2,50,000 டாலர் என்ற ரிசர்வ் வங்கி வரம்புக்குள் வரும். 10 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். (அனுப்பும்போதே வங்கி முன்கூட்டி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் ஈடு செய்துகொள்ளலாம், ஆனாலும் அதுவரை பணம் முடங்கும். ரூபாயை ஊட்டி, குன்னூர்ச் செலவுக்கே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.