வசிப்பிட உத்தரவா, காப்பகமா?

கணவன் அடிக்கிறான், ஆனால் வீட்டை விட்டுப் போனால் உரிமை போய்விடுமோ என்று அஞ்சும் பெண்கள் கொங்கு நாட்டில் ஏராளம். போகாது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு வழிகளையும் தருகிறது: அந்த வீட்டிலேயே வசிக்க நீதிமன்றம் தரும் வசிப்பிட உத்தரவு, வெளியே பாதுகாப்பாகத் தங்கக் காப்பகம்.

வேகம்:
காப்பகம் – பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்து அன்றைக்கே இடம் கேட்கலாம்.
உத்தரவு – மனு கிடைத்து 3 நாளுக்குள் முதல் விசாரணை என்கிறது சட்டம், நடைமுறையில் இழுக்கும்.

நிலைப்பு:
காப்பகம் – தற்காலிகம்தான்.
உத்தரவு – வீடு கணவன் பெயரில் இருந்தாலும் உங்களை வெளியேற்ற முடியாது. திருப்பூர் லைன் வீடு (வரிசையாகக் கட்டிய சிறு வாடகை வீடு) என்றால், வேறு வீட்டுக்கு வாடகை தரும்படி கணவனுக்கு ஆணையிடவும் நீதிமன்றத்தால் முடியும்.

செலவு: இரண்டிலும் பெண்ணுக்குச் சட்ட உதவி இலவசம்.

பாதுகாப்பில்தான் வேறுபாடு பெரிது. தோட்டத்து வீட்டில் இரவு அலறினால் அடுத்த தோட்டத்துக்குக் கேட்காது. கிணற்று மோட்டார் ஓடினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. அங்கே காகித உத்தரவை மட்டும் நம்பி இருக்காதீர்கள். உயிருக்கு ஆபத்தென்றால் முதலில் காப்பகம். பிறகு, தங்கும் ஊர் நீதிமன்றத்திலேயே உத்தரவுக்கு மனுப் போடலாம். மாமியார், அக்கம்பக்கம் துணையிருந்தால் உத்தரவே மேல்.

வளர்ந்த மகனையும் சேர்ப்பார்களா என்று காப்பகத்தில் முன்பே கேளுங்கள்.