முதியோர் இல்லத்துக்கு வந்து நடத்தும் இயற்கை அமர்வு: ஒரு மதிப்பீடு

மண், இலை, மரப்பட்டை, கூழாங்கல், நீர் ஆகியவற்றைக் கொண்டு முதியோர் இல்லங்களில் புலன்வழிச் செயல்பாடுகளை நடத்தித் தரும் ஒரு சேவையை அண்மையில் அருகிருந்து கவனித்தேன். நினைவுத் தெளிவுள்ளவர்களையும் மறதிநோய் முற்றியவர்களையும் தனித்தனியே பிரிக்காமல், ஒரே பொருளை அவரவர் திறனுக்கேற்பக் கையாளச் செய்வதே இதன் பெரும் பலம். புதினாச் செடி மேசைக்கு வந்ததும், தெளிவுள்ளவர் தண்டைக் கிள்ளித் தொட்டியில் நட்டார். சொற்கள் தடுமாறத் தொடங்கியவர் இலைகளை உருவிக் கிண்ணத்தில் சேர்த்தார். பேச்சே நின்றுபோனவரின் உள்ளங்கையில் கசக்கிய இலையை வைத்துவிட்டு, அவராக முகரும்வரை அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்கள். "இது என்ன இலை?" என்று எவரையும் கேட்கவில்லை, "வாசனை பிடித்திருக்கிறதா?" என்றுதான் கேட்டார்கள். முன்னது நினைவைச் சோதித்து விடை தெரியாதவரைக் குன்றச் செய்யும். பின்னதற்குத் தலையசைப்பே போதும்.

ஆனால் மணத்தின்மீது இவர்கள் வைக்கும் நம்பிக்கை சற்று அதிகம். வாசனை, மூளையில் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளோடு நெருங்கிய தொடர்புடையது என்பது உண்மையே. எனினும் அல்சைமர், பார்க்கின்சன் நோய்களில் முகரும் திறன் பெரும்பாலும் தொடக்கத்திலேயே மங்கிவிடுவதால், பலருக்கு ஈரமண்ணின் குளிர்ச்சியும் பட்டையின் சொரசொரப்புமே கூடுதலாகப் பயன்பட்டன.

ஒலிப்பகுதி சுமார்தான். முதுமையில் உச்சத்தொனிகளே முதலில் கேளாமற்போகும் என்பதால், ஒலிபெருக்கியில் வந்த சிறு பறவைகளின் கீச்சொலி பலரை எட்டவில்லை. மழை, புறா போன்ற தாழ்ந்த ஒலிகளைத் தேர்ந்திருக்கலாம். அதைவிடப் பெரிய குறை விதைத்தட்டில் இருந்தது. கைக்கெட்டியதை வாயிலிடும் நிலையில் உள்ளவர்கள் அமர்ந்திருக்கும் மேசையில், நச்சுத்தன்மையுள்ள ஆமணக்கு விதைக்கு என்ன வேலை? சுட்டிக்காட்டியதும் அகற்றினார்கள் என்றாலும், அமர்வுக்கு முன்பே இல்லத்தின் செவிலியர் ஒருவர் பொருள்களைப் பார்வையிடுவது அவசியம்.

இக்குறைகளைத் திருத்திக்கொண்டால் மீண்டும் அழைக்கத் தகுந்த சேவைதான். நட்ட தொட்டிகளை அவர்கள் திரும்ப எடுத்துச் செல்வது வழக்கமாம். அவற்றை இல்லத்திலேயே விட்டுச் செல்லும்படி முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால், நீரூற்றும் அன்றாட வேலை ஒன்று நட்டவருக்கே கிடைக்கும்.