மாணவனாகச் செய்த தேக்கு உணவு மேசை: ஒன்பது ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

தொழிற்பயிற்சி நிலையத்தில் தச்சுப் பிரிவில் படித்தபோது செய்முறைப் பணியாகத் தொடங்கி, படிப்பு முடிந்தபின் வீட்டில் நிறைவு செய்த உணவு மேசை இது. ஐந்தடி நீளம், மூன்றடி அகலம், முப்பது அங்குல உயரம். ஆறு பேர் அமரலாம். 2016 கார்த்திகை முதல் எங்கள் தஞ்சாவூர் வீட்டுக் கூடத்தில் நாள்தோறும் மூன்று வேளையும் பயன்பட்டு வருகிறது. கால்களும், மேற்பலகைக்கு அடியில் அவற்றை இணைக்கும் சட்டங்களும் பட்டறையில் பயிற்றுநரின் கண்முன் உருவானவை. மேற்பலகை, நான் தனியாக வீட்டில் செய்தது. இந்த வேறுபாட்டை மேசை இன்றுவரை மறக்கவில்லை.

கால்களுக்கான மரத்தைப் பழைய மரக்கடையில் வாங்கினேன். இடித்த வீடொன்றின் தேக்கு உத்திரம் அது. பல பத்தாண்டுகள் கூரைக்கடியில் காய்ந்து, வைரம் பாய்ந்த கட்டை. உள்ளே புதைந்திருந்த இரண்டு ஆணிகள் இழைப்புளியின் வாயைப் பதம் பார்த்தன என்பதைத் தவிர அதன்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. சட்டத்தின் முனையை, அதன் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நாக்குப்போல் செதுக்கிக் காலின் துளைக்குள் இறக்க வேண்டும். நான் செய்த முதல் பொருத்து கையால் தள்ளியதுமே உள்ளே போய்விட்டது. "கொட்டாப்புளியால் ரெண்டு தட்டுத் தட்டினால்தான் இறங்கணும், தள்ளினதும் போச்சுன்னா அது விறகு" என்று சொல்லி, பயிற்றுநர் அந்தச் சட்டத்தை உண்மையாகவே ஓரமாக எடுத்து வைத்துவிட்டார். மறுபடியும் செய்த எட்டுப் பொருத்துகளில் ஒன்றுகூட இன்றுவரை ஆடவில்லை.

மேற்பலகையின் கதை வேறு. தோப்பில் வெட்டி அறுத்துச் சில மாதங்களே ஆன இளந்தேக்கை, மலிவாகக் கிடைத்ததால் வாங்கி, ஐந்து பலகைகளை அருகருகே ஒட்டி, அடைமழைக் காலத்தில் பன்னிரண்டு இரும்புத் திருகாணிகளால் சட்டத்தோடு இறுக்கினேன். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. அகலவாக்கில்தான் ஈரத்தைக் குடித்து உப்பும், காய்ந்து சுருங்கும். பச்சை மரம் முற்றிலும் காயும்போது, தேக்கு போன்ற அடக்கமான மரமே ஆண்டு வளையங்களின் போக்கில் ஆறு விழுக்காடு அளவுக்குச் சுருங்கக்கூடியது. நன்கு காய்ந்தபின்னும், மழைக்கும் கோடைக்கும் இடையிலான ஈர மாற்றத்தில் மூன்றடி அகலம் அரை சென்டிமீட்டர்வரை கூடிக் குறையலாம். இதைப் பாடத்தில் படித்துத் தேர்விலும் எழுதிய நான்தான், பலகை சுருங்க இடமில்லாதபடி பன்னிரண்டு திருகாணிகளையும் இறுக்கினேன். அடுத்த சித்திரையில் ஓரிரவு கூடத்திலிருந்து மட்டை முறிவதுபோல் ஓசை கேட்டது. எழுந்து பார்த்தபோது, ஓர் ஒட்டு முனையிலிருந்து ஒன்றரை அடி நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. அதன்பின் இரண்டு ஆண்டுகள், தாளித்த கடுகும் உளுத்தம்பருப்பும் அந்தப் பிளவில் குடியேற, அம்மா ஈர்க்குச்சியால் கிளறி எடுப்பது வழக்கமாயிற்று.

2019 கோடையில் மேற்பலகையைக் கழற்றி, பிளவில் மெல்லிய தேக்குச் சீவலைப் பசை தடவி இறக்கினேன். சட்டத்திலிருந்த வட்டத் துளைகளை மேசையின் அகலவாக்கில் நீள்துளைகளாக்கி, வாஷர் வைத்துத் திருகாணிகளை அளவாக முடுக்கினேன். அதன்பின் புதிய பிளவு வரவில்லை. ஒரு பலகையின் ஓரத்தில் விட்டுவைத்திருந்த இரண்டு விரல் அகல வெள்ளை மரத்தை (வைரம் பாயாத வெளிப்பகுதியை) மட்டும் ஐந்தாம் ஆண்டில் வண்டு துளைத்தது. தரையில் மாவுபோல் தூள் கொட்டியதைக் கண்டு, துளைகளில் ஊசியால் மருந்து செலுத்தி நிறுத்தினோம். வெள்ளையை அறுக்கும்போதே கழித்திருக்க வேண்டும். அகலம் குறையுமே என்ற கவலைதான் காரணம்.

முதலில் பூசியது அரக்கு பாலிஷ். நிறம் அழகாக வந்தது. ஆனால் எங்கள் சமையலுக்கு அது தாங்கவில்லை. கொதிக்கும் ரசப் பாத்திரத்தை ஒருமுறை வைத்ததும் வெண்ணிற வளையம் பதிந்தது. ஸ்பிரிட் தொட்ட துணியால் மெல்லத் துடைத்தால் வளையம் போய்விடும் என்றாலும், வாரம் ஒருமுறை அதைச் செய்ய யாருக்கும் பொறுமையில்லை. பழுதுபார்த்தபோதே உப்புத்தாளால் தேய்த்துப் பாலியூரித்தேன் பூசினேன். முதன்முறை மேற்புறம் மட்டுமே பூசியிருந்ததால், ஈரம் அடிப்புறமாக ஏறி இறங்கிப் பலகைகள் லேசாக வளைந்திருந்தன. இம்முறை இருபுறமும் பூசியபின் வளைவு கூடவில்லை. மஞ்சள் கறையைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. சன்னலோரப் பகுதியில் அது வெயில் பட்டுத் தானாக வெளிறிவிடுகிறது.

திருத்த முடியாமல் நின்றுவிட்ட பிழை ஒன்று உண்டு. சட்டத்தின் உயரத்தை ஐந்து அங்குலமாக வைத்தேன். ஓர் அங்குலப் பலகையும் சேர, பதினெட்டு அங்குல நாற்காலிக்கும் சட்டத்துக்கும் இடையே ஆறு அங்குலமே மிஞ்சுகிறது. காலைத் தொங்கவிட்டு அமர்பவருக்கு அது போதும். நாற்காலியிலும் சம்மணமிட்டே சாப்பிடும் அப்பாவுக்கு முழங்கால் இடிக்கிறது. மூன்றரை அங்குலச் சட்டமே இந்த மேசைக்குப் போதுமானது. ஆனால் இப்போது அதை அறுக்கப் போனால், அசையாமல் நிற்கும் அந்த எட்டுப் பொருத்துகளில் கைவைக்க வேண்டும். அப்பா தம் பக்கத்துச் சட்டத்தில் பழைய துண்டொன்றைச் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறார்.