அப்பாவின் புல்லட்டை வீட்டிலேயே பாபராக்கி நாலு வருஷம்: நின்றது எது, திரும்பி வந்தது எது

வண்டி அப்பாவுடையது. 1994 மாடல் புல்லட் 350, வார்ப்பிரும்பு எஞ்சின், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். நாங்கள் தண்டையார்பேட்டை. 1955-இல் தொடங்கிய திருவொற்றியூர் என்ஃபீல்டு ஃபேக்டரி பக்கத்திலேயே இருப்பதால், சத்தத்தைக் கேட்டே எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடும் பழைய மெக்கானிக்குகள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். 2021 ஊரடங்கில் வீட்டு போர்ட்டிகோவிலேயே வைத்து இதை பாபராக மாற்றினேன். அப்புறம் 14,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியாகிவிட்டது. எப்படிச் செய்தாய் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். செய்து முடித்த பிறகு என்ன ஆனது என்பதைத்தான் நான் சொல்ல ஆசைப்படுகிறேன்.

பாபர் என்பது இரண்டாம் உலகப் போரை ஒட்டிய வருஷங்களில் அமெரிக்காவில் பரவிய பழக்கம். முன் மட்கார்டைக் கழற்றி, பின் மட்கார்டைக் குட்டையாக வெட்டி, வேண்டாத கனத்தை எல்லாம் எடுத்துவிட்டு ஓட்டுவார்கள். சாப்பர் வேறு, அதில் ஃப்ரேமையே அறுத்து ஃபோர்க்கை நீட்டுவார்கள். பாபரில் எடுப்பதுதான் வேலை. நான் பட்டுத் தெரிந்துகொண்டதும் அதில்தான், எடுத்த ஒவ்வொரு பொருளும் அதுவரை ஏதோ ஒரு வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது.

ஒரே ஒரு முடிவை முதல் நாளே சரியாக எடுத்தேன். தெரு முனை வெல்டிங் பட்டறை அண்ணன்தான் காரணம். பின்பக்க ஃப்ரேமை அறுக்கலாமா என்று கேட்டபோது, "தம்பி, ஃப்ரேமுல மட்டும் கை வைக்காதீங்க, நாளைக்கு மனசு மாறினா திரும்ப வராது" என்றார். அதனால் எல்லாமே நட்டு போல்ட்டில்தான். அப்பாவின் மட்கார்டு, நீள சீட், சேலை கார்டு எதையும் வெட்டவில்லை, சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டேன். வெட்டுவதற்கு புதுப்பேட்டையில் ஒரு பழைய மட்கார்டு வாங்கினேன். ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட், ஹேண்டில்பார், சில்லறைச் சாமான்கள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கியவை. கூலியும் பெயின்ட்டும் சேர்த்து 38,000 ரூபாய் ஆனது.

பின் மட்கார்டில்தான் அதிக நாள் போனது. டயரை ஒட்டி, சக்கரத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கினால்தான் பாபர் தோற்றம் வரும், அதற்கு மட்கார்டை ஸ்விங் ஆர்மில், அதாவது பின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அதோடு ஏறி இறங்கும் கம்பியில், பொருத்த வேண்டும். இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வர ஒரு வழி இருக்கிறது. கழற்றிப் போட்ட பழைய செயினை டயர் மேல் நீளவாக்கில் படுக்க வைத்து, அதன் மேல் மட்கார்டை உட்கார வைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு பிராக்கெட்டுக்கு அளவெடுத்தேன். செயினை உருவியதும் கச்சிதமான இடைவெளி. அன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து டார்ச் அடித்து அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஐந்தாவது மாதம் வண்டி கழுவும்போது இடது பிராக்கெட்டின் வெல்டிங் ஓரத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. நகத்தால் சுரண்டினால் போகவில்லை, ஓரத்தில் துரு கசிந்திருந்தது. விரிசல். ஸ்விங் ஆர்மில் இருக்கும் மட்கார்டுக்கு ஷாக் அப்சர்பரின் தயவு கிடையாது, ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் நேராக அதன் மேல்தான் விழும், கூடவே புல்லட்டின் அதிர்வு வேறு. விரிசல் முடியும் இடத்தில் 3 மில்லிமீட்டர் துளை போட்டு அது மேலே ஓடாமல் நிறுத்தி, வெல்டிங் வைத்து, உள்பக்கம் ஒரு தகடு சேர்த்து, போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் ரப்பர் வாஷர் போட்டேன். 3 மில்லிமீட்டர் பட்டையில் செய்திருந்த பிராக்கெட்டை 5 மில்லிமீட்டருக்கு மாற்றினேன். அதற்கப்புறம் விரிசல் இல்லை. யாராவது இதைச் செய்வதாக இருந்தால் முதலிலேயே 5 மில்லிமீட்டர் பட்டையும் ரப்பர் வாஷரும் போட்டுவிடுங்கள்.

ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு கார்புரேட்டர் வாயில் நேராகக் கோன் ஃபில்டர் மாட்டியது என் பெரிய தவறு. பார்க்க அழகுதான். ஆனால் காற்று கூடி பெட்ரோல் குறைந்து, பிளக் வெள்ளையாகி, ஆக்ஸிலேட்டரை விட்டால் சைலன்சரில் பட்பட்டென்று வெடித்தது, எஞ்சின் சூடும் ஏறியது. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான மெயின் ஜெட்டைப் பெரிதாக்கி அதைச் சரி செய்தேன். அந்த வருஷம் நவம்பர் மழையில்தான் உண்மையான பிரச்சினை தெரிந்தது. பின் மட்கார்டின் முன்பாதி இல்லாததால் டயர் வாரி இறைக்கும் தண்ணீர் நேராக ஃபில்டர் மேலும் பேட்டரி மேலும் போகிறது. தேங்கிய தண்ணீரில் இறங்கக்கூட இல்லை, பெரம்பூரிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு தடவை நின்றுவிட்டது. பழைய பெட்டியும் பழைய ஜெட்டும் திரும்ப ஏறின, டயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒரு தகடு வைத்தேன். முன் மட்கார்டும் குட்டையாகத் திரும்பி வந்தது, சேறு முகத்தில் அடிப்பதை எத்தனை நாள் பொறுப்பது? சென்னையில் ஓட்டுகிறவர்களுக்கு என் யோசனை, ஐப்பசி மழையை மனதில் வைத்துக்கொண்டு எதையும் கழற்றுங்கள்.

டேங்கையும் சொல்ல வேண்டும். பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மேலே நிறமில்லாத கிளியர் கோட் மட்டும் அடித்தேன். கடல் எங்களுக்கு ரொம்பக் கிட்டே. எட்டு மாதத்தில் மூடியைச் சுற்றி கிளியருக்கு அடியில் சிலந்தி வலை மாதிரி துரு ஓடிவிட்டது. இப்போது பிரைமர் போட்டுக் கறுப்பு அடித்திருக்கிறேன், ஆர்.சி.யில் இருப்பதும் கறுப்புதான்.

வண்டி தாழ்வாகத் தெரிய நான் போட்ட குட்டை ஷாக் அப்சர்பர் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. வேகத்தடைகளில் அடி தட்டியது, சென்டர் ஸ்டாண்டு போடவே இரண்டு ஆள் வேண்டியிருந்தது. ஒற்றை சீட் மட்டும் முதல் நாளிலிருந்து இன்றுவரை எனக்குப் பிடித்திருக்கிறது. தாழ்வாக, எஞ்சினோடு ஒட்டி உட்கார்ந்த மாதிரி இருக்கும், ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை இடுப்பு வலி இல்லை. ஸ்பிரிங்குக்கு மாதம் ஒருமுறை கிரீஸ் தடவ வேண்டும், அவ்வளவுதான்.

சட்டத்தையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சைலன்சரை நான் தொடவே இல்லை. 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், 2024-இல் எங்கள் முறை வந்தபோது பரணிலிருந்த எல்லாவற்றையும் இறக்கி, அப்பா வாங்கிய கோலத்திலேயே கொண்டுபோய்க் காட்டினேன்.

வேலை ஆரம்பித்த அன்று அப்பா கேட்டது ஒரே கேள்வி: "பின்னாடி அம்மா எங்கடா உக்காருவா?" அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. ஆர்.சி. வேலை முடிந்த அந்த வாரம் அவரே ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்து, உதைப்பதற்கு முன் எஞ்சினின் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஸரை அழுத்தி, ஒரே உதையில் ஸ்டார்ட் செய்தார். அம்மாவை ஏற்றிக்கொண்டு வடிவுடையம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். அதைப் பார்த்த பிறகுதான், இரண்டு சீட்டும் ஒரே துளைகளில் உட்காரும்படி அடித் தகட்டைப் புதிதாகச் செய்தேன், பின் ஃபுட்ரெஸ்ட்டும் சேலை கார்டும் நாலே போல்ட்டில் ஏறும். பௌர்ணமிக்குப் போக வேண்டும் என்று அம்மா சொன்னால், முந்தின நாள் ராத்திரியே மாற்றி வைத்துவிடுகிறேன். அரை மணி நேர வேலை.