கடை வாசலில் பிடித்த பிரேக் மலை இறக்கத்தில் போனது: வாடகை பைக் எடுப்பவர்கள் கவனத்துக்கு

வாடகைக்கு பைக் எடுத்து மலைக்குப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். போன வாரம் ஒரு கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று முன்னால், எங்கள் பைக்கின் முன்பிரேக் லீவர் ஒரு தடையும் இல்லாமல் உள்ளே போய்க் கைப்பிடியைத் தொட்டது. பின்னால் என் தம்பி உட்கார்ந்திருந்தான்.

நாங்கள் எடுத்தது ஒருநாள் பேக்கேஜ். பைக் அவர்களுடையது. மலையில் பாதி உயரம் வரை அதில் போய்விட வேண்டும், அங்கிருந்து ஒரு வழிகாட்டி நடத்திக் கூட்டிப்போய் வியூ பாயிண்ட்டைக் காட்டுவார். விளம்பரப் படம் அவ்வளவு அழகு. பாறை விளிம்பு, கீழே பஞ்சுப் பொதியாக மேகம், நடுவில் தலைநீட்டும் சிகரங்கள். பணத்தை முழுதாக முன்கூட்டியே கட்டினோம். வண்டிக்குத் தனியாக ஒரு முன்பணம்.

விடியற்காலையில் கொடுப்பதாகச் சொன்ன வண்டி இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது. "நேத்துதான் சார் சர்வீஸ் விட்டு எடுத்தோம்" என்றார் கடைக்காரர். பெட்ரோல் முள் சிவப்புக் கோட்டில் நின்றது. கேட்டதற்கு, "ஏறுறதுக்கு இது போதும் சார். இறங்கும்போது நியூட்ரல்ல விட்டுடுங்க, செலவே ஆகாது" என்று பதில். வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். பிரேக் பிடித்தது. சரி என்று கிளம்பிவிட்டோம்.

நடைப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே போனது பணமும் காட்சியும் மட்டும்தான். "முக்கால் மணி நேரத்துல மேல போயிடலாம்" என்றார் வழிகாட்டி. தம்பி மொபைலில் வரைபடத்தைப் பார்த்தான். ஒரு வழிக்கு 4 கிலோமீட்டர், ஏற்றம் 450 மீட்டர். மலை நடைக்கு வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் சொன்ன கணக்கு ஒன்று இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. மைலிலும் அடியிலும் அவர் சொன்னதை மீட்டருக்கு மாற்றினால், ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். எங்கள் பாதைக்குப் போட்டுப் பார்த்தால் 48 நிமிடமும் 45 நிமிடமும் சேர்த்து ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது, அதுவும் எங்கும் நிற்காமல் நடந்தால். வழிகாட்டி ஏற்றத்தைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

பாதி வழியில், பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் அவருக்கு போன் வந்தது. "அடுத்த குரூப் வந்துட்டாங்க சார், நீங்க நேரா போங்க, வழி மாறவே மாறாது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். வெயில் ஏற ஏற பள்ளத்தாக்கின் ஈரக்காற்று சரிவில் மேலேறிக் குளிர்ந்து மேகமாகிவிடும். மலைக்காட்சிக்கு அதிகாலைதான் நேரம் என்பது அதனால்தான். இதையே தொழிலாகச் செய்கிறவர்களுக்கு இது தெரியாதா? தட்டுத் தடுமாறி நாங்கள் விளிம்புக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தடிக்கு அப்பால் வெறும் வெள்ளை. குளிரில் தம்பிக்குப் பல் தந்தியடித்தது. அந்த விளம்பரப் படத்தை வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடிப் பார்த்தோம். அது வேறு ஏதோ மலைத்தொடரில் எடுத்த படம்.

இதெல்லாம் ஏமாற்றம்தான், ஆனால் மறந்துவிடலாம். இறக்கத்தில் நடந்ததை மறக்க முடியவில்லை.

பெட்ரோல் முள் சிவப்புக்கும் கீழே படுத்துவிட்டதால், கடைக்காரர் சொன்னபடியே நியூட்ரலில் விட்டு இறங்கினேன். அது என் தவறு, மறைக்கவில்லை. கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் முழுப் பாரத்தையும் பிரேக்தான் தாங்க வேண்டும். அந்தப் பாரம் எவ்வளவு என்று பிறகு கணக்குப் போட்டேன். வண்டியும் நாங்கள் இருவருமாக 280 கிலோ. அந்த எடை செங்குத்தாக 600 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் சுமார் 16 லட்சம் ஜூல். 5 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. காற்றுத்தடையில் போவது போக, மிச்சமெல்லாம் முன்சக்கரத்தில் பிரேக் பிடிக்கும் தட்டான ஒரு சாண் அகல டிஸ்க்கிலும் பின்சக்கரத்தின் டிரம்மிலும்தான் இறங்குகிறது.

முதலில் பின்பிரேக் மந்தமானது. மிதி இறங்கியது, வேகம் குறையவில்லை. எரிந்த வாடை வந்தது. முன்பிரேக்கை அழுத்தினேன், பிடித்தது. அடுத்த வளைவில் லீவர் கொஞ்சம் உள்ளே போய்ப் பிடித்தது. அதற்கடுத்து ஈரத்துணியைப் பிசைகிற மாதிரி இருந்தது. அப்புறம் ஒன்றுமே இல்லை.

"அண்ணா, பிடிண்ணா!"

நல்ல வேளையாக இன்ஜினை அணைக்கவில்லை. கிளட்சைப் பிடித்து இரண்டாம் கியருக்குத் தட்டி மெல்ல விட்டேன். இன்ஜின் அலறியது, வண்டி குலுங்கி வேகம் பாதியானது. வளைவுக்கு முன்னால் மலைப்பக்கமாக ஜல்லி கொட்டி வைத்திருந்தார்கள். அதில் ஏற்றினேன். சக்கரம் புதைந்து நின்றது. எதிர்ப்பக்கம் தடுப்புச்சுவர்கூட இல்லை.

தம்பி இறங்கிச் சக்கரத்துக்கு முன்னால் ஒரு கல்லை வைத்தான். டிஸ்க் பக்கம் கையைக் கொண்டுபோகவே முடியவில்லை, அவ்வளவு அனல். மொபைல் டார்ச்சை அடித்து, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிபருக்குள் பார்த்தோம். டிஸ்க்கில் உரசும் கட்டையான பேடில் தேய்மானத்தைக் காட்டும் கோடு அழிந்தே போயிருந்தது. இரும்புத் தகட்டின்மேல் நகத்தின் கனத்துக்கு ஒரு படலம்தான் மிச்சம். ஹேண்டில்பாரில் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், உள்ளே துருத்தண்ணீர் நிறம். புது ஆயில் வெளிறிய மஞ்சளாக இருக்கும்.

லீவரின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் தரவிதி எதிர்பார்க்கும் குறைந்தபட்சக் கொதிநிலையே 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். பேட் தேய்ந்து போயிருந்தால் டிஸ்க்கின் சூடு இன்னும் சுலபமாக ஆயிலுக்குப் போகும். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. திரவம் நசுங்காது, ஆவி நசுங்கும். நான் எவ்வளவு அழுத்தினாலும் அந்தக் குமிழியைத்தான் நசுக்கிக்கொண்டிருந்தேன்.

நாற்பது நிமிடம் காத்திருந்தோம். டிஸ்க் ஆறியது, குமிழி அடங்கியது, லீவர் மறுபடி கல் மாதிரி இறுகிவிட்டது! இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். இந்தக் கோளாறு கடை வாசலில் ஓட்டிப் பார்த்தால் தெரியாது. திருப்பிக் கொடுக்கும்போதும் தெரியாது. முதல் கியரிலேயே ஊர்ந்து கீழே வந்து சொன்னதும், கடைக்காரர் லீவரை இரண்டு தடவை அழுத்திக் காட்டினார். "நல்லாத்தானே சார் பிடிக்குது? உங்களுக்கு மலையில ஓட்டிப் பழக்கமில்ல." அதோடு விடாமல், டாங்க்கில் கீறல் என்று சொல்லி முன்பணத்தையும் வைத்துக்கொண்டார். கீறலுக்குள் துரு ஏறியிருந்தது. ஒரே நாளில் துரு ஏறுமா? கேட்டேன். காலையில் எடுத்த போட்டோ இருந்தால் காட்டச் சொன்னார். என்னிடம் இல்லை.

ஆகவே வண்டியைக் கையில் வாங்குமுன் ஆயில் கண்ணாடியின் நிறத்தைப் பாருங்கள். டார்ச் அடித்து பேடைப் பாருங்கள். லீவரை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெதுவாக உள்ளே இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது, அந்த வண்டி வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தையும் குறிக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்த டயர். கடைக்காரரும் தெரியும்படி வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் போட்டுக்கொண்டே ஏறுங்கள். எந்த கியரில் ஏறினீர்களோ அதிலேயே இறங்குங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இன்ஜின் அவ்வளவாகப் பிடிக்காது, அதில் போகிறவர்கள் அங்கங்கே நிறுத்தி பிரேக்கை ஆறவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

நாங்கள் வாதாடிக்கொண்டிருந்தபோது கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் அதே வண்டிக்காகக் காத்திருந்தார்கள். கூப்பிட்டு அந்தக் கண்ணாடியைக் காட்டினேன். ஒருவன் குனிந்து பார்த்துவிட்டுத் தயங்கினான். "பணம் கட்டியாச்சுண்ணா, மெதுவா போய்க்கிறோம்" என்றான் மற்றவன். நியூட்ரலில் மட்டும் விடாதீர்கள், இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள் என்று இரண்டு முறை சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு ஹெல்மெட்டை மாட்டினார்கள். வண்டி மலைச்சாலையில் திரும்பி மறையும்வரை நானும் தம்பியும் அங்கேயே நின்றோம்.